செம்பனைக்கு மேலே பறப்பது ஆந்தையா, ட்ரோனா? சின்ன ட்ரோன்களை ரேடாரால் கண்டுபிடித்துப் பின்தொடர முழு வழிகாட்டி

எங்கள் ஊர் மலேசியாவில், சிலாங்கூர் மாநிலத்துப் பெஸ்தாரி ஜெயா. பழைய ஆட்களுக்கு இன்னும் அது பத்தாங் பெர்ஜுந்தைதான். டவுனைத் தாண்டினால் கண்ணுக்கெட்டும் தூரம்வரை பாமாயில் தரும் செம்பனை. தோட்டத்துக் கோவிலில் ஒரு வருடம் தீமிதி நடந்தபோது, படம் எடுக்க யாரோ பறக்கவிட்ட சின்ன ட்ரோன் கட்டுப்பாடு இழந்து, குழந்தைகளோடு நின்றிருந்த பெண்கள் வரிசைக்கு இரண்டடி தள்ளி விழுந்தது. யாருக்கும் அடிபடவில்லை. ஆனால் அது எங்கிருந்து வந்தது, எத்தனை நேரமாகத் தலைக்கு மேலே நின்றது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. மேளச் சத்தத்தில் அதன் சத்தம் கேட்கவே இல்லை. அந்த இரவுதான் இந்த வேலையில் இறங்கினேன். நான் மில்லில் கருவிகள் பழுதுபார்க்கிறவன். ரேடார் நான் புதிதாகக் கற்ற பாடம்.

இரண்டு வருடம் கையைச் சுட்டுக்கொண்ட பிறகு ஒன்று புரிந்தது. ட்ரோனின் எதிரொலியைப் பிடிப்பது பாதி வேலைகூட இல்லை. பிடித்தது ட்ரோன்தானா என்று தீர்மானிப்பதில்தான் உழைப்பெல்லாம் போகிறது. அதனால் படிகளையும் அந்த நோக்கிலேயே எழுதுகிறேன்.

முதல் படி: வாங்கும் முன் கணக்குப் போடுங்கள்

ரேடார் அலையை அனுப்புகிறது, அது பொருளில் பட்டுத் திரும்புகிறது. போகும்போது தூரத்தின் இருமடியில் மெலிகிறது, திரும்பும்போது மறுபடியும் இருமடியில் மெலிகிறது. ஆக, தூரம் இரட்டிப்பானால் திரும்பி வரும் சக்தி பதினாறில் ஒரு பங்கு. விளம்பரத்தில் "ஒரு கிலோமீட்டர்" என்று போட்டிருந்தால், எந்தப் பொருளுக்கு என்று கேளுங்கள். கார் ரேடாருக்கு மிகப் பெரிய கண்ணாடி மாதிரி. ஒரு பொருள் ரேடாரின் கண்ணுக்கு எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பதே அதன் எதிரொலிப் பரப்பு. மனிதனுக்கு அது சுமார் 1 சதுர மீட்டர். கையில் அடங்கும் கேமரா ட்ரோனுக்குப் பொதுவாக வைக்கும் மதிப்பு 0.01 சதுர மீட்டர், மனிதனில் நூறில் ஒரு பங்கு. பெரிய பறவைக்கும் கிட்டத்தட்ட இதே அளவுதான். இந்தக் கடைசி வரியை மறக்காதீர்கள், பின்னால் இதுதான் நம்மைப் படுத்தப் போகிறது.

நான் எடுத்துக்கொண்டது 24 கிகாஹெர்ட்ஸ். அலைநீளம் 12.5 மில்லிமீட்டர். ஆன்டெனாவின் திசையில் வெளியேறும் சக்தி 100 மில்லிவாட்டுக்குச் சமம், கேட்கும் ஆன்டெனாவின் பெருக்கம் 20 டெசிபெல் என்று வைப்போம். டெசிபெல் மடங்குகளின் கணக்கு: 10 என்றால் பத்து மடங்கு, 20 என்றால் நூறு மடங்கு. 100 மீட்டரில் உள்ள சின்ன ட்ரோனிலிருந்து திரும்புவது மைனஸ் 131 டெசிபெல்-மில்லிவாட். ஒரு மில்லிவாட்டைப் பத்து லட்சம் கோடி பங்காகப் பிரித்தால் அதில் ஒரு பங்குகூட இல்லை. ஏற்பிக்கு 10 டெசிபெல் இரைச்சல் வைத்து, 51 மில்லிநொடி காது கொடுத்துக் கேட்டால், இரைச்சலின் தரைமட்டம் மைனஸ் 151. ஆகவே சிக்னல் இரைச்சலைவிட 20 டெசிபெல் மேலே நிற்கிறது. நம்பிக்கையாகக் கண்டுபிடிக்க 13 போதும். மிச்சமிருக்கும் 7 டெசிபெல்லைத் தூரமாக மாற்றினால் ஒன்றரை மடங்கு, அதாவது 150 மீட்டர். கேபிள், கனெக்டர், மழை மூடி எல்லாம் தின்றது போக 120 மீட்டர் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

120 மீட்டர் குறைவாகத் தோன்றலாம். ஒரு கோவில் வளாகத்துக்கோ, பள்ளித் திடலுக்கோ அது போதும். அதைப்போல் இருமடங்கு தூரம் வேண்டுமானால் பதினாறு மடங்கு சக்திக்கு வழி தேட வேண்டும்.

கணக்கில் இன்னொரு பாடமும் ஒளிந்திருக்கிறது. வெளியேறும் சக்திக்கு வரம்பு ஆன்டெனாவையும் சேர்த்துத்தான் கணக்கிடப்படுகிறது. அனுப்பும் பக்கம் பெரிய ஹார்ன், அதாவது புனல் வடிவ ஆன்டெனா போட்டால், மாட்யூலின் சக்தியை அதே அளவு குறைத்தாக வேண்டும். ஒரு லாபமும் இல்லை. கேட்கும் பக்கத்துக்கு அந்த வரம்பு கிடையாது. காசைக் காதுக்குப் போடுங்கள், குரலுக்கு வேண்டாம்.

இரண்டாம் படி: அனுமதி

24.00 முதல் 24.25 கிகாஹெர்ட்ஸ் வரை, தொழில், அறிவியல், மருத்துவக் கருவிகளுக்கென உலக அளவில் ஒதுக்கிய பட்டை. 100 மில்லிவாட் என்பது பல நாடுகள் வைத்திருக்கும் வரம்பு. இங்கே எது செல்லும் என்பதை மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்தின் குறுந்தூரக் கருவி விதிகளில் பார்த்துவிட்டு, அங்கீகார முத்திரை உள்ள மாட்யூலையே வாங்குங்கள். ட்ரோனின் ரேடியோ தொடர்பை முடக்கும் ஜாமர் பக்கமே போகாதீர்கள். தனியார் அதைப் பயன்படுத்துவது சட்ட விரோதம், பக்கத்து வீட்டு வைஃபையும் சேர்ந்து சாகும்.

மூன்றாம் படி: சாமானும் இடமும்

அலை அனுப்ப ஒரு ஹார்ன், கேட்க இரண்டு. நொடிக்கு 50 லட்சம் மாதிரி எடுக்கும் கார்டு, ஒரு லேப்டாப், மெதுவாகத் திருப்பும் ஸ்டெப்பர் மோட்டார். 20 டெசிபெல் ஹார்னின் வாய் சுமார் 5 சென்டிமீட்டர் சதுரம். பார்வை 16 டிகிரிதான். 100 மீட்டரில் 28 மீட்டர் அகலம் மட்டும் தெரியும். அதனால்தான் மோட்டார். ஆறு நிலைகளில் நிறுத்தி 90 டிகிரியைப் பார்க்கிறேன், ஒரு சுற்றுக்கு 2 நொடி. முழு வட்டமும் பார்க்க ஆசைப்படாதீர்கள். ட்ரோன் வரக்கூடிய பக்கத்தைத் தேர்ந்தெடுத்து அங்கேயே பாருங்கள்.

ரேடாரே தொட்டதில்லை என்றால், 2011-ல் எம்.ஐ.டி. வெளியிட்ட காபி டின் ரேடார் பாடத்திலிருந்து தொடங்குவது நல்லது. 2.4 கிகாஹெர்ட்ஸ், இரண்டு டின், லேப்டாப்பின் ஆடியோ துளை, அவ்வளவுதான். ட்ரோனைப் பிடிக்க அது போதாது, ஆனால் சிந்தனை பிடிபடும்.

இடம்தான் உயிர். செம்பனையை 9 மீட்டர் இடைவெளியில் முக்கோணமாக நடுகிறார்கள். பத்து, பதினைந்து வருட மரமானால் மட்டைகள் ஒன்றோடொன்று கோத்துப் பச்சைக் கூரை ஆகிவிடும். 24 கிகாஹெர்ட்ஸ் அலை அந்தக் கூரையைத் துளைக்காது. தரையில் வைத்த ரேடாருக்கு முதல் நிரையோடு உலகம் முடிந்துவிடும். தண்ணீர்த் தொட்டிக் கோபுரம், ஆபீஸ் மாடி, கோவில் மண்டபத்தின் மேல்தளம், இப்படி மட்டை உயரத்துக்கு மேலே ஓர் இடம் தேடுங்கள். ஹார்னை அடிவானத்துக்குச் சற்று மேலே நிமிர்த்துங்கள், மட்டைகளின் எதிரொலி பாதி குறையும். அனுப்பும் ஹார்னுக்கும் கேட்கும் ஹார்ன்களுக்கும் நடுவே ஒரு தகரத் தடுப்பு வையுங்கள். நேரடியாகக் கசியும் அலை, தூரத்து முணுமுணுப்பை அமுக்கிவிடும்.

மூடி போடாமல் விட்டது நான் செய்த தவறு. மூன்று வாரத்தில் எண்கள் மெல்ல மெல்ல இறங்கின. மென்பொருளில் இரண்டு நாள் தேடினேன். கடைசியில் கோபுரம் ஏறி டார்ச் அடித்துப் பார்த்தால், வலது ஹார்னின் தொண்டையில் மண்குளவி கூடு கட்டியிருக்கிறது. ஈர மண் 24 கிகாஹெர்ட்ஸை அப்படியே விழுங்கும். மெல்லிய பிளாஸ்டிக் மூடியைச் சாய்வாகப் போடுங்கள், மழைத் தண்ணீரும் தங்காது.

நான்காம் படி: சிர்ப் அமைப்பு

அதிர்வெண்ணைக் கீழிருந்து மேலே இழுத்து அனுப்புவதுதான் சிர்ப். திரும்பி வரும் அலை சற்றுத் தாமதமாக வருவதால், இப்போது அனுப்புவதற்கும் வந்ததற்கும் அதிர்வெண்ணில் ஒரு வித்தியாசம் இருக்கும். அந்த வித்தியாசமே தூரம். நான் வைத்திருப்பது: இழுக்கும் அகலம் 150 மெகாஹெர்ட்ஸ், நேரம் 100 மைக்ரோநொடி, ஒரு தொகுதிக்கு 512 சிர்ப்.

150 மெகாஹெர்ட்ஸ் அகலம் 1 மீட்டர் துல்லியம் தரும். 200 மீட்டரில் உள்ள பொருளின் வித்தியாச அதிர்வெண் 2 மெகாஹெர்ட்ஸ், கார்டுக்குள் அடங்கும். 512 சிர்ப் என்றால் 51 மில்லிநொடி. அதில் வேகத்தை நொடிக்கு 12 சென்டிமீட்டர் அளவுக்குப் பிரிக்கலாம், இரு பக்கமும் நொடிக்கு 31 மீட்டர்வரை குழப்பமில்லாமல் அளக்கலாம். சிக்னலில் எந்தெந்த அதிர்வெண் இருக்கிறது என்று பிரித்துக் காட்டும் கணக்கு எஃப்.எஃப்.டி. சிர்ப்புக்குள் ஒன்று போட்டால் தூரம் கிடைக்கும், சிர்ப்புகளுக்குக் குறுக்கே இன்னொன்று போட்டால் வேகம். இரண்டும் சேர்ந்த கட்டம்தான் இனி நம் திரை.

திசைக்கு, அலையின் ஏற்ற இறக்கம் இரண்டு காதுகளுக்கும் எவ்வளவு முன்பின்னாக வந்து சேருகிறது என்று (ஃபேஸ் வித்தியாசம்) பாருங்கள். ஹார்ன்கள் 5 சென்டிமீட்டர் தள்ளி, அதாவது நான்கு அலைநீளம் தள்ளி இருப்பதால், நடுவிலிருந்து இருபுறமும் 7 டிகிரிக்குள் விடை ஒன்றே. அதைத் தாண்டினால் விடை மறுபக்கத்துக்குத் தாவும். ஓரத்தில் வரும் திசைகளை அடுத்த நிலையில் சரிபாருங்கள்.

ஐந்தாம் படி: கோல் கம்பத்தில் ஒரு பந்து

இதைத் தாண்டிப் போகாதீர்கள். ட்ரோனை வைத்தே சோதித்தால், தெரியாதபோது தவறு ரேடாரிலா, பேட்டரியிலா, காற்றிலா என்று சொல்ல முடியாது. எதிரொலி எவ்வளவு என்று முன்பே தெரிந்த ஒரு பொருள் வேண்டும்.

உலோகப் பந்தின் எதிரொலிப் பரப்பு அதன் குறுக்குவெட்டுப் பரப்பேதான், எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் மாறாது. 0.01 சதுர மீட்டர் வேண்டுமென்றால் 11 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள பந்து. கைவினைக் கடையில் கிடைக்கும் வெள்ளைத் தெர்மோகோல் பந்தை எடுத்து, சமையலறை அலுமினியத் தாளைச் சுருக்கமில்லாமல் ஒட்டுங்கள். இப்போது உங்கள் கையில் இருப்பது, ரேடாரின் கண்ணுக்கு ஒரு சின்ன ட்ரோன்.

திடலில் கோல் கம்பத்தின் குறுக்குக் கம்பி 2.44 மீட்டர் உயரம். அதிலிருந்து 2 மீட்டர் தூண்டில் நரம்பில் பந்தைத் தொங்கவிடுங்கள். ரேடாரை நேர் எதிரே 60 மீட்டரில் வையுங்கள். பந்தை ரேடார் பக்கம் அரை மீட்டர் இழுத்து விடுங்கள். கம்பம் பெரிய எதிரொலி தரும், ஆனால் அது அசையாது, வேகம் பூஜ்யம். பந்து மட்டும் அசையும்.

மாலை ஆறு மணிக்கு, பையன்கள் பந்து விளையாடி முடித்த பிறகு நான் இதைச் செய்தேன். 60 மீட்டர் கட்டத்தில், கறுப்புத் திரையில், ஒரு மஞ்சள் கோடு மேலும் கீழுமாக அலை போட ஆரம்பித்தது. உச்சி 180 ஹெர்ட்ஸுக்குப் பக்கத்தில், ஒரு முழு ஆட்டத்துக்கு 2.8 நொடி. இந்த இரண்டு எண்ணையும் அதற்கு முன்பே காகிதத்தில் எழுதி வைத்திருந்தேன். 2 மீட்டர் ஊசல், அரை மீட்டர் வீச்சு என்றால், உச்ச வேகம் நொடிக்கு 1.1 மீட்டர், டாப்ளர், அதாவது பொருள் அசைவதால் எதிரொலியின் அதிர்வெண் மாறும் அளவு, வேகத்தின் இரட்டிப்பை அலைநீளத்தால் வகுத்தது. திரையும் காகிதமும் ஒத்துப்போனபோது வந்த சந்தோஷத்தை அந்தத் திடலில் ஒருவருக்கும் விளக்க முடியவில்லை.

உங்களுக்கு அந்தக் கோடு இரைச்சலுக்கு 20 டெசிபெல்லுக்கும் குறைவாக மேலே நின்றால், எங்கோ சக்தி கசிகிறது. 60 மீட்டரில் கணக்குப்படி 29 டெசிபெல் இருக்க வேண்டும். தரையில் பட்டு வரும் எதிரொலி சில டெசிபெல் கூட்டும், குறைக்கும். அதற்கு மேல் வித்தியாசம் இருந்தால் கனெக்டரிலிருந்து தேடுங்கள்.

ஆறாம் படி: மட்டைகளை நீக்குவது

காற்றில் ஆடும் மட்டைகள் ஆயிரக்கணக்கான குட்டி எதிரொலிகள். நல்ல வேளையாக, சாதாரணக் காற்றில் அவற்றின் வேகம் பெரும்பாலும் நொடிக்கு ஒரு மீட்டருக்குள். பூஜ்யத்துக்கு இருபுறமும் அந்த அளவு வேகத்தை வெட்டிவிட்டால் திரை சுத்தமாகும். ஆனால் அந்தரத்தில் நிற்கும் ட்ரோனும் அதோடு போய்விடும். தீமிதியில் விழுந்தது நின்ற ட்ரோன்தான். அதனால் வெட்டு வேண்டும், ஆனால் பின்தொடரும் தடம் ஒன்று திடீரென வெட்டுக்குள் மறைந்தால் அதை அழிக்காதீர்கள். கடைசி இடத்திலேயே 10 நொடி உயிரோடு வைத்திருங்கள். எட்டாம் படியில் அதைப் பார்த்துக்கொள்ளலாம்.

அப்புறம் வரம்பு. ஒரே எண்ணை வரம்பாக வைத்தால் காற்று ஏறும்போது திரை நிறையும். ஒவ்வொரு கட்டத்தையும் அதன் அக்கம்பக்கத்துக் கட்டங்களின் சராசரியோடு ஒப்பிடுங்கள். ஒட்டி நிற்கும் இரண்டிரண்டு கட்டங்களை விட்டுவிட்டு, அதற்கு அப்பால் எட்டெட்டு எடுத்துக்கொள்ளுங்கள். பொருளின் எதிரொலி பக்கத்துக் கட்டத்தில் வழிந்து சராசரியைக் கெடுக்கும் என்பதால்தான் அந்த இடைவெளி. இதற்கு சி.எஃப்.ஏ.ஆர். என்று பெயர்.

ஏழாம் படி: புள்ளியைத் தடமாக்குவது

200 தூரக் கட்டம், 512 வேகக் கட்டம். ஒரு தொகுதிக்கு லட்சம் கட்டம், நொடிக்கு இருபது தொகுதி. பத்து லட்சத்தில் ஒரு தடவை மட்டும் ஏமாறுகிற ரேடார்கூட நொடிக்கு இரண்டு பொய்ப் புள்ளி காட்டும். அதனால் ஒற்றைப் புள்ளியை நம்பாதீர்கள். ஐந்து பார்வையில் மூன்றில், நம்பத்தகுந்த தூரத்துக்குள் வந்தால் மட்டும் தடம் என்று சொல்லுங்கள்.

பின்தொடர, முந்தைய ஊகத்தையும் புது அளவையும் கலந்து இடத்தைக் கணிக்கும் கால்மன் வடிகட்டியைப் பலர் சொல்வார்கள். முதலில் அதன் எளிய தம்பியான ஆல்ஃபா-பீட்டா வடிகட்டியைப் போடுங்கள், கையாலேயே சரிபார்க்கலாம். ட்ரோன் 90 மீட்டரில், நொடிக்கு 8 மீட்டர் வேகத்தில் நம்மை நோக்கி வருகிறது. 2 நொடி கழித்து 74-ல் இருக்க வேண்டும். ரேடார் 77 என்கிறது. ஆல்ஃபா 0.5 என்றால் பாதி நம்பி 75.5 என்று வைக்கிறோம். பீட்டா 0.3 என்றால் வேகத்தை 7.55-ஆகக் குறைக்கிறோம். டாப்ளர் தனியாகத் தரும் வேகத்தோடு இதை ஒப்பிடுங்கள். இரண்டும் திரும்பத் திரும்ப முரண்பட்டால், இரண்டு வேறு பொருள்களை ஒரே தடமாகத் தைத்திருக்கிறீர்கள்.

எட்டாம் படி: ஆந்தையா, ட்ரோனா

முதல் முறை உண்மையான தடம் விழுந்த மாலை எனக்குக் கை நடுங்கியது. 95 மீட்டர், நொடிக்கு 6 மீட்டர், சீராக வருகிறது. தோட்டத்தில் வேலையாட்களை மேற்பார்க்கும் தண்டல் அண்ணனுக்குப் போன் போட்டேன். அவர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"தம்பி, மணி என்ன?"

"ஏழே முக்கால், அண்ணே."

"அது நம்ம ஆந்தை. நேரம் தவறாம அந்தப் பெட்டியில இருந்து கிளம்பும்."

எலிகளைக் கட்டுப்படுத்த மலேசியச் செம்பனைத் தோட்டங்களில் ஆந்தைப் பெட்டிகள் வைப்பது பழைய பழக்கம். எலி பழத்தைக் கொறிக்கும், ஆந்தை எலியைப் பிடிக்கும். அதன் அளவும் வேகமும் ட்ரோனுக்கு நெருக்கம். ரேடாரில் இரண்டும் ஒரே புள்ளி. அன்றே என் வரைபடத்தில் ஒவ்வொரு பெட்டியின் இடத்தையும் குறித்தேன். பெட்டியில் தொடங்கியோ பெட்டியில் முடிந்தோ இருக்கும் தடத்துக்குத் தனி நிறம். இந்த ஒரு வேலை செய்ததை எந்த விலையுயர்ந்த ஆன்டெனாவும் செய்யவில்லை. நெதர்லாந்தின் ராபின் ரேடார் நிறுவனம் பறவைகளைக் கவனிக்கும் ரேடாரில் தொடங்கித்தான் ட்ரோனுக்கு வந்தது. ஏன் என்று அன்று எனக்குப் புரிந்தது.

வரைபடத்துக்கு அடுத்தது மைக்ரோ டாப்ளர், அதாவது விசிறி, சிறகு போன்ற அசையும் பாகங்கள் தரும் தனி டாப்ளர். 24 சென்டிமீட்டர் விசிறி நிமிடத்துக்கு 6,000 சுற்று சுற்றினால், நுனியின் வேகம் நொடிக்கு 75 மீட்டர். டாப்ளர் 12 கிலோஹெர்ட்ஸ். இரண்டு இதழ் என்பதால் நொடிக்கு 200 பளிச்சிடல். ஆனால் நம் சிர்ப் அமைப்பு 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் காணாது, மேலே போனதெல்லாம் மடங்கிக் கீழே விழும். அதனால் தடம் உறுதியானதும் மோட்டாரை அந்தத் திசையிலேயே நிறுத்தி, அரை நொடிக்குச் சிர்ப்பை விட்டு ஒரே அதிர்வெண்ணில் அனுப்புங்கள், நொடிக்கு 50,000 மாதிரி எடுங்கள். ட்ரோன் என்றால், உடலின் கோட்டுக்கு இருபுறமும் 200 ஹெர்ட்ஸ் இடைவெளியில் சீப்பின் பல் மாதிரி கோடுகள் நிற்கும். அந்தரத்தில் நின்றாலும் விசிறி சுற்றுவதால் பல் மறையாது. பத்து நொடி உயிரோடு வைத்த தடத்தை இப்படித்தான் சோதிக்க வேண்டும். ஆந்தையின் சிறகு நொடிக்குச் சில தடவைதான் அடிக்கும். சீப்பு வராது, உடலின் கோடே மெதுவாக நெளியும். சறுக்கிப் பறக்கும்போது அதுவும் நின்றுவிடும்.

ஒரு எல்லை இருக்கிறது. பிளாஸ்டிக் விசிறியின் எதிரொலி உடலைவிட மிக மெலிந்தது. 20 டெசிபெல் குறைவு என்று வைத்தால், 120 மீட்டரில் தெரியும் ட்ரோனின் விசிறி 40 மீட்டருக்குள்தான் தெரியும். அதற்கு அப்பால் நடத்தையைப் பாருங்கள். ஒரே வேகம், நேர்க்கோடு, திடீர் நிறுத்தம் என்றால் மனிதன் இயக்குவது. வேகம் மாறி மாறி, நிரை ஓரமாகவே போனால் ஆந்தையின் வேட்டை.

மழைக்கு ஒரே வார்த்தை: நம் மாலை மழை கொட்டும்போது இந்த அதிர்வெண்ணை நம்பாதீர்கள். சொட்டுகளே எதிரொலிக்கும், விழும் வேகத்தில் அவற்றுக்கும் டாப்ளர் உண்டு. சி.எஃப்.ஏ.ஆர். வரம்பு தானாக ஏறும், தூரம் சுருங்கும். அந்த மழையில் சின்ன ட்ரோனும் பறக்காது என்பது ஆறுதல்.

கடைசிப் படி: கண்ட பிறகு

ட்ரோன் என்று உறுதியானால் திசை, தூரம், வேகம் மூன்றையும் தண்டல் அண்ணனுக்கு அனுப்புகிறேன். அவர் மோட்டார் சைக்கிளில் போய்ப் பறக்கவிடுகிறவரைத் தேடுவார். பெரும்பாலும் படம் எடுக்க ஆசைப்படும் பையன்கள்தான். 400 அடிக்கு மேல் போகக்கூடாது, கூட்டத்தின் தலைக்கு மேலே கூடாது, விமானப் போக்குவரத்து ஆணையத்தின் விதி இருக்கிறது என்று எடுத்துச் சொன்னால் கேட்டுக்கொள்கிறார்கள். கேட்காவிட்டால் போலீஸுக்குப் போன். கல்லெறிவதோ, சுடுவதோ நம் வேலை இல்லை, மேலிருந்து விழுவது எப்படியும் யாரோ ஒருவர் தலையில்தான் விழும்.

ஒவ்வொரு தடத்தின் மூலப் பதிவையும் தேதி, நேரம், காற்று, மழையோடு சேமித்து வையுங்கள். என் நோட்டில் மூன்று கட்டம்: ஆந்தை, ட்ரோன், தெரியவில்லை. மூன்றாவதை ஊகத்தால் நிரப்புவதில்லை. வாரக் கடைசியில் அந்தப் பக்கத்தை எடுத்துக்கொண்டு தண்டல் அண்ணன் வீட்டுக்குப் போகிறேன். நேரத்தையும் திசையையும் பார்த்தே பாதியை அவர் தீர்த்துவிடுகிறார்.